கண்ணாடிக்குள் மோர்

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துத்தான் சடையப்பன் வண்டியைக் கிளப்புவார். அந்த நேரத்தில்தான் தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு வெளியே நிற்பார்கள். வண்டி வாசலில் நிற்பதில்லை. வீட்டுக்குள், தறிக்கூடத்தில் நின்றது. கதவு இரண்டையும் விரியத் திறந்துவைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். கைப்பிடியை நாலு முறை திருகுவார். சுவரில் மாட்டியிருக்கும் சாமி படங்கள் அதிரும். புகை கூடத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி ஆதிலட்சுமியின் மூக்கில் போய் முடியும். அவள் இருமுவாள். அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்குவார். அன்றைய சவாரி அத்துடன் சரி.

"மாப்பிள்ளை வண்டி" என்பார், கேட்காதவர்களிடமும்.

மகள் அகல்யாவுக்குப் பெரணமல்லூரில் இடம் முடிந்த கையோடு ஆவணியில் வாங்கிய வண்டி அது. மாப்பிள்ளை வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்ததால் கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைத்தார்கள். வண்டியை அதுவரை கடையிலேயே விட்டிருக்கலாம். ஆனால் கடையில் நிற்கும் வண்டியைத் தெருவுக்குக் காட்ட முடியாது. கடைக்காரப் பையன் ஓட்ட, சடையப்பன் பின்னால் உட்கார்ந்து மாலையைப் பிடித்துக்கொள்ள, சொந்தக்காரர்கள் குடியிருக்கும் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வீடு வந்தது. மீட்டரில் பதினேழு கிலோமீட்டர். அன்றைக்கும் பதினேழு, தை பிறந்தபோதும் பதினேழு. சடையப்பனுக்குக் கிளப்பத் தெரியும்; ஓட்டத் தெரியாது.

வண்டி நின்ற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தில் இரண்டு தறிக்குழிகள் இருந்தன. ஒன்று சடையப்பனுடையது. நெசவாளர் நலச் சங்கம் ஒன்றில் துணைச் செயலாளர் ஆன நாளிலிருந்து அவருக்கு இடுப்புவலி. தறியைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, குழிக்குமேல் பலகை போட்டு, பலகைமேல் வண்டியை நிறுத்திவிட்டார். மற்றது ஆதிலட்சுமியின் தறி. இராஜமாணிக்கம் முதலாளி கொடுக்கும் பாவு நூலையும் சரிகையையும் வைத்து அவள் கூலிக்கு நெய்தாள். வண்டிக்கான முன்பணத்திலிருந்து தவணை வரைக்கும் எல்லாம் அந்தக் குழிக்குள் அவள் மிதித்த மிதிதான்.

இந்த உண்மை பெரணமல்லூருக்குத் தெரியாது. சடையப்பனுக்கு முப்பது தறி ஓடுகிறது, முள்ளிப்பட்டில் மட்டும் பத்து என்பதுதான் அங்கே தெரிந்த செய்தி. சொன்னவர் சடையப்பன். மாப்பிள்ளை வீட்டார் வரும்போதெல்லாம் ஆதிலட்சுமியின் தறிக்கு முன்னால் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்று தொங்கும். "உள்ள சரக்கு கோடவுன்" என்பார்.

பட்டு நூலுக்குக் காய்ச்சல் ஆகாது. காற்று வறண்டால் இழை பட்பட்டென்று தெறிக்கும். அதனால் ஆதிலட்சுமி விடிந்ததும் மண்தரையில் தண்ணீர் தெளிப்பாள். கோணியை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாள். மூடிக்கிடந்த குழியிலும் ஒரு குடம் ஊற்றுவாள். அது நாள் முழுக்க ஊறிப் பலகை இடுக்கு வழியாகக் குளிர்ந்த மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பட்டுக்கு அது அமிர்தம். பலகைமேல் நின்ற இரும்புக்கு அது என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. இது போதாதென்று வெள்ளிக்கிழமை தோறும் சடையப்பன் வண்டிக்குத் தலைக்கு ஊற்றுவதுபோலத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் உலருமுன் பிளாஸ்டிக் தார்ப்பாயால் கழுத்துவரை போர்த்திக் கயிறு கட்டிவிடுவார். தூசு படக்கூடாது அல்லவா.

முக்குக்கடை மெக்கானிக் வேடியப்பன் தீபாவளிக்கே சொன்னான்.

"மொதலாளி, வண்டிய கொஞ்சம் ஓட்டுங்க. ஸ்டார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணா உள்ள வேத்து ஊத்தும். சூடே ஏறாம மூடி வெச்ச சோத்துப்பானை கணக்கா."

"மாப்பிள்ளை ஓட்டறதுக்கு முன்னால நான் ஓட்டினா அது செகண்டேண்ட் வண்டிடா."

வேடியப்பன் சரியென்று தலையாட்டினான். தன்னை முதலாளி என்று கூப்பிட்டால் டீ வாங்கித்தரும் மனிதரிடம் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டான். அவன் கடைப் பலகையில் 'உலகத்தரம்' என்று எழுதியிருக்கும். பீற்றிக்கொள்வதில் ஆரணியில் பல பேருக்கு அவனும் சளைத்தவனில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பெரணமல்லூர்க்காரர்கள் வண்டி பார்க்க வந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பதினைந்து நிமிஷத்தில் எழுந்து போனவர்கள், இந்த முறை நல்ல நேரம் பார்த்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தருமன் முன் சீட்டிலிருந்து இறங்கினார். சஃபாரி சட்டை, பையில் இரண்டு பேனா. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் "டிப்போல முப்பது வருஷம்" என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் அவரை என்ஜினுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் அதைத் திருத்தியதில்லை. பின்னால் அவர் மனைவி பூங்காவனம், கழுத்துக்குக் கனமாக நகையோடு. கடைசியாக மாப்பிள்ளை உதயா, கறுப்புக் கண்ணாடியோடு. செய்யாரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்; கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருபவன்.

அகல்யாவும் செய்யாரில்தான் இன்னொரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவன் அவளோடு சில தடவை போனில் பேசியிருந்தான். முதல் தடவை வண்டி என்ன கலர் என்று கேட்டான். இரண்டாம் தடவை சைலன்சர் கம்பெனியோடதா, மாத்தினதா என்று கேட்டான். மூன்றாம் தடவை அவளே முந்திக்கொண்டு "வண்டி நல்லா கீது. நானும் நல்லா கீறேன்" என்றாள். அவனுக்கு அது விளங்கவில்லை.

பெட்ஷீட் தொங்கியது. ஆதிலட்சுமி, தான் நெய்யாத ஒரு பட்டுப்புடவையைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு போண்டா சுட்டாள். சடையப்பன் தார்ப்பாயைக் கோயில் திரையை விலக்குவதுபோல விலக்கினார்.

"வாங்க சம்மந்தி. பாருங்க. ஒரு கீறல் கீதா சொல்லுங்க."

கீறல் இல்லை. தருமன் இரண்டு சுற்று வந்தார். டயரை எட்டி உதைத்தார். டேங்கைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். உதயா கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்தான். தருமன் வேட்டி கட்டியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். கால்சட்டையோடு குந்தியதில் பின்னால் தையல் முனகியது. என்ஜின் அடிப்பக்கத்தில் எண்ணெய் அளவு தெரிவதற்காக வட்டமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அதில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"சம்மந்தி."

"சொல்லுங்க."

"இதுல இன்னா ஊத்தி வெச்சிகீறீங்க?"

"ஏன், ஆயில்தான்."

"ஆயிலா? மோர் கணக்கா கீது."

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். "அய்ய! மோர் இல்லீங்க, திரிஞ்ச பால்."

தேன் நிறத்தில் தெரிய வேண்டிய கண்ணாடிக்குள் வெளுத்த மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. சடையப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

வேடியப்பனை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். அவன் ஸ்பேனரோடு வந்தான். பழைய எண்ணெய் பிடிக்கும் தட்டு கடையில் இருக்கிறது, போய் எடுத்துவருகிறேன் என்றான். சடையப்பனுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய்ப் புத்தம்புது எவர்சில்வர் பேசனைக் கொண்டுவந்து வைத்தார். விளிம்பில் புள்ளிபுள்ளியாக 'அகல்யா – உதயா' என்று பேர் வெட்டியிருந்தது.

"இதுல புடி. நம்ம வூட்டுல பேசனுக்கா பஞ்சம்?"

வேடியப்பன் அடி போல்ட்டைக் கழற்றினான். முதலில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. பிறகு அது வந்தது. ஒழுகவில்லை, இறங்கியது. சளி பிடித்த மூக்கிலிருந்து இறங்குவதுபோல, ஒரு கட்டி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு கட்டி. பேசன் நிறைந்தது. மேல் மூடியைத் திறந்ததும் அதன் உட்புறத்தில் வழித்து எடுக்கிற அளவுக்கு மஞ்சள் வெண்ணெய். கருகலும் புளிப்புமாக ஒரு நாற்றம் போண்டா வாசனையோடு கலந்து கூடம் முழுக்கப் பரவியது. அதே நேரம் அகல்யா டீ கொண்டுவந்தாள். தம்ளர்களில் ஆடை படர்ந்திருந்தது. டீயையும் பேசனையும் மாறிமாறிப் பார்த்த யாரும் டீயை எடுக்கவில்லை.

தருமன் மட்டும் கலங்கவில்லை. ஆட்காட்டி விரலைப் பேசனுக்குள் விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து, எல்லாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, நாக்கில் வைத்தார்.

"அப்பா!" என்றான் உதயா.

"டேய், டிப்போல நாங்க இப்பிடித்தான் பார்ப்போம்." நாக்கை மேலண்ணத்தில் தட்டினார். "உப்பு இல்ல. அப்ப கடல் தண்ணி இல்ல."

ஆரணியில் கடல் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"இது வெள்ளத்துத் தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னார். "மெட்ராஸ்ல மழையில முழுகின வண்டிங்கள தொடச்சி, பாலிஷ் போட்டு, புதுசுன்னு தள்ளறானுங்க. குப்பை வெலைக்கு வாங்கியாந்து எங்க தலையில கட்டப் பாக்கறீங்க சம்மந்தி." சொல்லிக்கொண்டே அதே விரலால் ஒரு போண்டாவை எடுத்துக் கடித்தார்.

அகல்யா அந்த விரலையே பார்த்தாள். பிறகு டீத் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"அய்யோ சம்மந்தி, புது வண்டிங்க! சாமி சத்தியமா!" என்றார் சடையப்பன். "டேய் வேடியப்பா, சொல்லுடா!"

வேடியப்பன் தலையைச் சொறிந்தான். "வெள்ளத்துல முழுகலீங்க. இது உள்ளயே வேத்த தண்ணி. நிக்கற எடம் ஈரமா கீது பாருங்க. கீழ குழி. தறி இருக்கற வூட்டுல எப்பவுமே தண்ணி தெளிச்சிகினு…"

சடையப்பன் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"…இல்லன்னா கேஸ்கெட் லீக்கா இருக்கும்" என்று முடித்தான் வேடியப்பன்.

"தறியா?" என்றாள் பூங்காவனம். "இங்க ஏது தறி?"

"தறி எல்லாம் முள்ளிப்பட்டுலதாம்மா. இவன் ஒளறுவான்."

இப்போது சடையப்பன் முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. வண்டி புதியது, என் பெண்டாட்டி கூலிக்கு நெய்கிற ஈரத்தரையில் நின்று இப்படி ஆயிற்று என்று சொன்னால் வண்டி பிழைக்கும். முப்பது தறி போகும். வெள்ளத்து வண்டி என்று ஒப்புக்கொண்டால் முப்பது தறி பிழைக்கும். எந்த மனிதனும் கொஞ்சம் யோசிப்பான். சடையப்பன் யோசிக்கவே இல்லை.

"அப்ப ஷோரூம்காரன் என்னை ஏமாத்திட்டான் சம்மந்தி!" என்று மார்பில் தட்டிக்கொண்டார். "முப்பது தறிக்காரன், பிசியா இருப்பான், எங்க பாக்கப் போறான்னு இந்த வேலை பண்ணிட்டான். நீங்க பேஜார் ஆவாதீங்க. இது கெடக்கட்டும். மாப்பிள்ளைக்கு நான் வேற வண்டி எடுத்துத் தரேன். இதவிட பெருசா. எனக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"அதான பாத்தேன்" என்றார் தருமன். "மனுசன்னா இப்பிடி இருக்கணும்."

"சிவப்புக் கலர்ல எடுங்க மாமா" என்றான் உதயா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற ஆதிலட்சுமி, 'வேற வண்டி' என்ற சொல் காதில் விழுந்ததும் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்த கால்கள். ஒரு வண்டிக்காக மிதித்த கால்கள். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, கூடத்தை நடுவாகக் கடந்து, பேசனைத் தாண்டி, பெட்ஷீட்டை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரக்கு எடுத்துவரப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

டக். டக்கட்டக். டக்.

"இன்னா சத்தம் அது?" என்றார் தருமன்.

"பக்கத்து வூடு."

டக்கட்டக். பெட்ஷீட் ஒவ்வொரு அடிக்கும் மூச்சுவிடுவதுபோல உப்பி அடங்கியது. பூங்காவனம் எழுந்துபோய் அதை ஒரே இழுப்பாக இழுத்தாள். கொடியோடு சேர்ந்து கீழே விழுந்தது. குழிக்குள் இடுப்பளவு இறங்கி, இரவல் பட்டுப்புடவையை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகி, சம்மந்தியம்மாள் நெய்துகொண்டிருந்தாள். முந்தியில் அன்னப்பட்சி பாதிதான் வந்திருந்தது.

"கூலித் தறியா?" என்றாள் பூங்காவனம். பேசனைப் பார்த்து மூக்கைப் பொத்தியவள் இப்போதும் அப்படியே பொத்தினாள்.

ஆதிலட்சுமி கையை நிறுத்தாமல் பேசினாள். "ஆமாங்க. கூலித் தறிதான். முப்பது இல்ல, ஒண்ணு. வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெனம் நான் தெளிக்கற தண்ணிதான் அதுக்குள்ள போயிருக்குது. அவுரு தெனம் ரெண்டு நிமிசம் உறுமிட்டு அமத்திடுவாரு. வண்டி புதுசு. என் கால் ரெண்டும் அதுக்குச் சாட்சி. இன்னொரு வண்டின்னு யாரும் பேசாதீங்க. இந்தக் காலால அது ஆவாது."

"ஏய், உன்னை யாருடி கேட்டது?" என்றார் சடையப்பன்.

தருமன் பையிலிருந்த இரண்டு பேனாவையும் நேராக்கினார். முப்பது தறி போன துக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பெருந்தன்மையாக மாற்ற அவருக்குச் சற்று அவகாசம் தேவைப்பட்டது.

"பொய் சொன்னது தப்பு. சரி, போவட்டும், நாங்க அப்பிடியாப்பட்ட ஆளுங்க இல்ல. வண்டி புதுசுன்றீங்க. புதுசுன்னு எப்பிடி நம்பறது?"

"அது ஈசிங்க" என்றான் வேடியப்பன். இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டதால் அவனுக்கு அறிவு திரும்பியிருந்தது. "ஜல்தியா போயி கடையில புது ஆயில் எடுத்தாறேன். ஊத்திகினு, நிறுத்தாம பெரணமல்லூர் போயி வந்தா என்ஜின் நல்லா சூடாவும், உள்ள கீற தண்ணியெல்லாம் ஆவியா பூடும். வந்ததும் இன்னொருக்கா மாத்திட்டா கண்ணாடியில தேன் கணக்கா தெரியும். ஓட்டினாப் போதும். மாப்பிள்ளையே ஓட்டிகினு போவட்டுமே! நான் வர்ற வரைக்கும் வண்டிய யாரும் தொடாதீங்க." அவன் வெளியே ஓடினான்.

எல்லாரும் உதயாவைப் பார்த்தார்கள். உதயா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு வேணாம்ப்பா. வெயில்."

தை மாதத்து வெயில் அது. தெருவில் நாய்கூட நிழலைத் தேடவில்லை.

"இன்னாடா வெயில்? ஓட்டிக் காட்டுடா" என்றார் தருமன்.

"எனக்கு… கியர் வண்டி பழக்கம் இல்லப்பா."

குழிக்குள்ளிருந்து ஒரு டக்கட்டக் வந்தது. தருமனின் காது சிவந்தது. சபையில் சட்டை கிழிந்தவர்போல எழுந்து நின்றார்.

"அதுக்கு இன்னா இப்ப? ஓட்டறதுக்கா வண்டி கேட்டோம்? புது மாடி கட்டிகீறோம். கீழ போர்ட்டிகோ வுட்டுகீறோம். வாசல்ல ஒரு வண்டி நின்னாத்தான் மரியாதை. நிக்கறதுக்குத்தான் கேட்டோம்!"

"இங்கயும் நின்னுகினுதான் இருந்துச்சி மாமா" என்றாள் அகல்யா. அவள் அன்று பேசிய முதல் பேச்சு அது. "நின்னு நின்னுதான் இப்பிடி ஆச்சி. உங்க வூட்லயும் நிக்கணும்னா அடியில வெக்க இன்னொரு பேசன் வாங்கிக்கோங்க. பேர் வெட்ட வேணாம்."

"பொண்ணா இது? வாயப் பாருங்க" என்றாள் பூங்காவனம்.

"அவுரு நாக்கவிட எங்க வாய் சுத்தங்க" என்றது குழிக்குள்ளிருந்து ஒரு குரல்.

அதற்குமேல் உட்கார அவர்களுக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை. எழுந்தார்கள். "போன் பண்றோம்" என்றார் தருமன். அந்தச் சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். பூங்காவனம் வாசற்படியில் திரும்பி, "எங்க பையன் பேருமேலயே ஊத்திட்டீங்களே, பாவிங்களா" என்று பேசனைப் பார்த்துச் சொன்னாள். உதயா வண்டியின் சீட்டை ஒருமுறை தடவிவிட்டுப் போனான். அகல்யாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சடையப்பன் வாசலுக்கும் கூடத்துக்குமாக ஓடினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குழாயடியில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். வேனின் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. போய்விட்டால், வண்டியில் பழுது என்றுதான் போகிறார்கள் என்று தெருவே பேசும். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அப்போது கைக்கு வந்தது.

"சம்மந்தி! போவாதீங்க! சத்தத்தக் கேளுங்க! வெள்ளத்து வண்டி இப்பிடிச் சத்தம் குடுக்குமா?"

ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

"நைனா, வேணாம்! அதுல ஆயில் இல்ல!" என்று அகல்யா கத்தினாள்.

"பெட்ரோல் ஃபுல்லா கீதுடி!" என்று அவர் பதிலுக்குக் கத்தினார்.

வண்டி உறுமியது. அவர் திருகினார். வேன் கிளம்பியது. இன்னும் திருகினார். வேன் தெருமுனை திரும்பும்வரைக்கும், திரும்பிய பிறகு அதற்குள் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவும், கை வலிக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். குழாயடிப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். பேசனில் கிடந்த மோர் அதிர்வில் அலையடித்து விளிம்புப் பேர்களின்மேல் தெறித்தது. வீட்டுக்குள் வந்த பிறகு அந்த வண்டி சூடேறியது அன்றைக்குத்தான்.

உறுமல் மெல்ல மெல்ல ஓலமாக மாறியது. இரும்பும் இரும்பும் பல்லை நறநறவென்று கடித்தன. எண்ணெய்ப் புட்டியோடு முனையில் திரும்பிய வேடியப்பன் "அய்யோ மொதலாளி, ஆஃப் பண்ணுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான். அவன் படியேறும் முன்பே கடைசியாக ஒரு 'கட்' சத்தம். அவ்வளவுதான். நீலப் புகை மட்டும் வந்தது.

சடையப்பன் பொத்தானை மறுபடி அழுத்தினார். 'டொக்' என்றது. மறுபடி அழுத்தினார். 'டொக்.'

வேடியப்பன் குந்தி உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டு தரையில் கிடப்பதைக் காட்டினான். "இதுகூட மாட்டல நான். உள்ள இறுகிப்போச்சி மொதலாளி. இனிமே என்ஜினே வேற போட்டாத்தான்."

"ஓட்டவே இல்லையேடா" என்றார் சடையப்பன். குழந்தைபோலக் கேட்டார். "நான் ஒரு நாளும் ஓட்டவே இல்லையேடா."

பெரணமல்லூரிலிருந்து சேதி வந்தது: ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். ஆதிலட்சுமி அந்த முந்தியை நெய்து முடித்து இராஜமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டு வந்தாள். இரவல் புடவையில் விழுந்த எண்ணெய்ப் பொட்டுக்காக அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் பட்ட பாடு தனிக்கதை. பேசனுக்குச் சபீனா பவுடர் போட்டாள், சாம்பல் போட்டாள், புளி போட்டாள். நாற்றம் போகவில்லை. கடைசியில் வேடியப்பனைக் கூப்பிட்டு, "இந்தா, நீயே வெச்சிக்கோ" என்று கொடுத்துவிட்டாள். இப்போது ஊர் வண்டிகளின் கழிவெண்ணெய் எல்லாம் அதில்தான் இறங்குகிறது. கம்பெனி பஸ் நிற்பது அந்தக் கடைக்கு எதிரில்தான். ஒருநாள் காலையில் அகல்யா அங்கே நிற்கும்போது உதயாவிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது: "வண்டி ரெடி ஆயிடுச்சா?" அவள் ரோட்டைத் தாண்டிப் போய், பேசனைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அவன் பேர் பாதி தெரிந்தது. அவள் பேர் எண்ணெய்க்குள் இருந்தது.

வண்டி இன்னும் பலகைமேல்தான் நிற்கிறது. சடையப்பன் வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவுகிறார், தார்ப்பாய் போர்த்துகிறார். வேடியப்பன் வழியில் பார்த்தால் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டு "மொதலாளி" என்று கூப்பிடத் தவறுவதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் கதவு இரண்டும் விரியத் திறக்கும். வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, ஹாரனை அடிக்கிறார். அது மட்டும் வேலை செய்கிறது. பேட்டரி இறங்க இறங்க அதன் சத்தமும் நாளுக்கு நாள் மெலிந்து, இப்போது சளி பிடித்த தவளை மாதிரி ஆகிவிட்டது. குழாயடியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்ஷீட் இல்லாத தறிக்குழியிலிருந்து ஆதிலட்சுமி மட்டும் பார்க்கிறாள்; சொம்புத் தண்ணீரை எடுத்துத் தரையில் தெளிக்கும்போது, பலகைப் பக்கமாக இன்னும் ஒரு கை அதிகமாகவே தெளிக்கிறாள்.